சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண வரைபட மென்பொருளில் குவிந்த மூடி வரைந்தால் உச்சியில் சுருங்குகிறது. வழவழப்பாக வர என்ன செய்வது?

கேட்டவர் சொல்லும் விவரம் இது: வெட் கிரைண்டருக்கு 300 மி.மீ. சதுர மூடி, மூலைகள் உருண்டவை, நடுவில் 25 மி.மீ. எழும்ப வேண்டும். அடியில் சதுரம், உச்சியில் ஒரு புள்ளி வைத்து, இரண்டுக்கும் நடுவே பரப்பை இழுக்கும் லாஃப்ட் போட்டிருக்கிறார். உச்சியில் துணியைக் கிள்ளிப் பிடித்தது போல் சுருங்குகிறது, 2.5 மி.மீ. சுவர் மட்டும் விட்டு உள்ளே குடையும் ஷெல் கொடுத்தால் எரர் வருகிறது.

முதல் வேலையாக அந்த லாஃப்டை அழித்துவிடுங்கள். ஒட்டுப் போட்டுத் தேறாது. மென்பொருள் இப்படிப்பட்ட பரப்பை நான்கு பக்கமுள்ள துணி மாதிரிதான் வைத்துக்கொள்ளும். புள்ளியில் கொண்டுபோய் முடித்தால் ஒரு பக்கம் முழுவதும் அந்தப் புள்ளிக்குள் நசுங்கிப் போகும். ஷெல் என்பது பரப்பை உள்ளே 2.5 மி.மீ. தள்ளுவது. வளைவின் ஆரம் அதைவிடச் சிறியதாக இருக்கும் இடத்தில் பரப்பு தன்னையே வெட்டிக்கொள்ளும். செக் கட்டளையில் குறைந்தபட்ச ஆரத்தைக் கேட்டுப் பாருங்கள், நேராக உச்சியைக் காட்டிக் கொடுக்கும்.

வட்ட மூடியாக இருந்தால் இவ்வளவு பேச்சே வேண்டாம். பாதி வெட்டுமுகம் வரைந்து, அதை அச்சைச் சுற்றிச் சுழற்றும் ரிவால்வ் போட்டால் முடிந்தது. கோடு அச்சைத் தொடும் இடத்தில் அச்சுக்குச் செங்குத்தாக நிற்கட்டும், இல்லையென்றால் உச்சியில் குடுமி முளைக்கும்.

சதுரத்துக்கு வழி, பெரிதாகப் போர்த்திவிட்டுப் பிறகு வெட்டுவது. இட்லித் தட்டில் துணியை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டுத்தானே போடுகிறோம், அதே கதைதான். முன் தளத்தில் ஒரு ஆர்க் (வட்டத்தின் ஒரு துண்டு), பக்கவாட்டுத் தளத்தில் ஒரு ஆர்க், இரண்டும் உச்சியில் சந்திக்க வேண்டும். ஆரத்துக்குக் கணக்கு: அரை அகலத்தின் வர்க்கத்தையும் உயரத்தின் வர்க்கத்தையும் கூட்டி, உயரத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். உங்கள் மூடிக்கு 22,500-உடன் 625 சேர்த்து 50-ஆல் வகுத்தால் 462.5 மி.மீ. ஆரத்தை மாற்றாமல் ஆர்க்கை இரு பக்கமும் 20 மி.மீ. வெளியே நீட்டுங்கள். ஒன்றைப் பாதையாக வைத்து இன்னொன்றை அதன் வழியே ஓட்டி சர்ஃபேஸ் ஸ்வீப் செய்யுங்கள். ஓடும் ஆர்க், அதாவது ப்ரொஃபைல், பாதையின் நடுவில் நிற்பதால் இரு திசையிலும் ஓடும்படி தேர்வு செய்ய வேண்டும். அப்புறம் டிராஃப்ட் (பக்கங்களுக்கு லேசான சரிவு) கொடுத்த சதுரக் கட்டையை எக்ஸ்ட்ரூட் செய்து, அதாவது மேலே இழுத்து, இந்தப் பரப்பால் மேலே சீவிவிடுங்கள். இங்கே உச்சி என்று தனியாக ஒரு புள்ளியே கிடையாது, அதனால் கிள்ளலும் கிடையாது.

ஒரு இடத்தில் மட்டும் ஏமாறுவீர்கள். பக்கத்தின் நடுவில் 25 மி.மீ. இறங்கும் பரப்பு, மூலையில் இரண்டு வளைவுக்கும் சேர்த்து இறங்கும். மூலைக்கு 40 ரேடியஸ் வைத்தாலும் உச்சியிலிருந்து 40 மி.மீ.க்கு மேல் கீழே போய்விடும். பக்கச் சுவருக்கு அந்த உயரம் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். சுற்றிலும் விளிம்பு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டுமென்றால் ஸ்வீப் உதவாது. விளிம்பைப் பிடித்து, அதற்குள் பரப்பை நிரப்பும் ஃபில்டு சர்ஃபேஸ் போட்டு, நடுவில் ஒரு புள்ளியைக் கட்டுப்பாடாகக் கொடுங்கள்.

இனி ஓரத்து ஃபில்லெட், அதாவது ஓரத்தை உருட்டுவது. இதில் நான் பட்டது ஒன்று உண்டு. பீளமேட்டில் ஒரு மோல்டு பட்டறையில் சேர்ந்த புதிதில், இதே போன்ற மூடிக்கு மேல் வளைவு 460, ஓரத்தில் 12 ஃபில்லெட் என்று வரைந்து கொடுத்தேன். திரையில் வெண்ணெய் மாதிரி இருந்தது. டை (மூடியை வார்க்கும் அச்சு) வெட்டி, பாலிஷ் போட்டு, முதல் ஷாட் கறுப்பு மூடி வந்ததும் பாலிஷ்காரர் கூப்பிட்டார். "இங்க வந்து பாருங்க தம்பி, லைட்டு ஒடையுதுங்க." மூடியை டியூப்லைட்டுக்குக் கீழே மெல்லச் சாய்த்தார். மேல் பரப்பில் கயிறு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்த வெளிச்சக் கோடு, ஓரம் வந்ததும் முழங்கை மாதிரி மடங்கியது. "டேன்ஜென்ட் கொடுத்திருக்கேனுங்களே" என்றேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க, கண்ணுக்குத் தெரியுதே" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. தொடுகோடு இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தாலும், ஆரம் 460-லிருந்து 12-க்கு ஒரே தாவாகத் தாவுகிறது. நேர் ரோட்டில் வரும் பஸ் ஸ்டீரிங்கை வெட்டித் திருப்பியது மாதிரி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறியவர்களுக்கு வயிறே சொல்லும். ஃபில்லெட்டில் ப்ரொஃபைல் என்ற இடத்தில் கர்வேச்சர் கன்டினியூயஸ் என்று மாற்றினால் ஆரம் படிப்படியாகக் குறையும். மேட் ஃபினிஷ் மூடி என்றால் இந்த மெனக்கெடல் தேவையில்லை, சாதாரண ஃபில்லெட்டே போதும்.

டியூப்லைட் வேலையைத் திரையிலேயே செய்வதுதான் ஜீப்ரா ஸ்ட்ரைப்ஸ், பரப்பின் மேல் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைக் காட்டும். இணைப்பில் பட்டைகள் விலகி நின்றால் பரப்புகள் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கின்றன. சேர்ந்தும் அங்கே மடங்கினால் டேன்ஜென்ட் மட்டும்தான். மடங்காமல் வழிந்து போனால் டைக்குக் கொடுக்கலாம். ஃபில்லெட்டை முடித்துவிட்டு ஷெல் போடுங்கள், உள்பக்கமும் அதே வளைவில் வரும்.

டைக்காரருக்கு, வளைவை வளைவாகவே வைத்திருக்கும் ஸ்டெப் ஃபைலாகவே அனுப்புங்கள். எஸ்டிஎல் அனுப்பினால் பரப்பு முக்கோணத் துண்டுகளாக உடைந்துவிடும். நுணுக்கத்தைக் கூட்டாமல் விட்டால் பாலிஷுக்குப் பிறகும் பட்டை பட்டையாகத் தெரியும், எமரி ஷீட்டோடு உட்கார வேண்டியது பாலிஷ்காரர்தான்.