படிவம் ஒன்றில் (இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டு) சேர்ந்த மகளை வகுப்பில் "கறுப்பி" என்று கூப்பிடுகிறார்கள். வீட்டில் என்ன சொல்வது, பள்ளியில் என்ன செய்வது? (பினாங்கு, மலேசியா)

"கண்டுக்காதேம்மா" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் இதையெல்லாம் வீட்டில் பேசக் கூடாது போலிருக்கிறது என்றே பிள்ளை எடுத்துக்கொள்ளும். அடுத்த முறை வாயைத் திறக்காது.

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உண்டு. தமிழ் இடைநிலைப்பள்ளி ஒன்றுகூட இல்லை. ஆறு ஆண்டுகள் தமிழ்ப் பிள்ளைகளோடு படித்தவள், 13 வயதில் திடீரென்று வகுப்பில் நாலைந்து பேரில் ஒருத்தி ஆகிறாள். இந்த மாதிரிப் பேச்சு மனசைத் தாக்குவது பெரும்பாலும் அந்த முதல் ஆண்டில்தான்.

அன்று மாலை மூன்று கேள்விகள் போதும்: யார் சொன்னது, பக்கத்தில் யார் இருந்தார்கள், ஆசிரியர் காதில் விழுந்ததா. "நீ என்ன பண்ணினே?" என்று ஆரம்பித்தால் தப்பு தன் மேல்தான் என்று முடிவுகட்டிவிடுவாள். "நீ ஒண்ணும் அவ்வளவு கறுப்பு இல்லையே" என்ற சமாதானம் அதைவிட மோசம். கறுப்பு என்றால் மட்டம்தான் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். "அவங்க பேசினது தப்பு, உன் நிறத்துல ஒரு தப்பும் இல்லை" என்று நேராகச் சொல்லுங்கள்.

இரவே எழுதிவையுங்கள்: தேதி, பாடவேளை, இடம், சொன்ன சொல். மலாயில் சொன்னதை மலாயிலேயே எழுதுங்கள், மெருகேற்ற வேண்டாம். வாட்ஸ்அப்பில் வந்ததென்றால் எண்ணும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

முதலில் வகுப்பாசிரியர். மறுபடியும் நடந்தால் பள்ளி முதல்வருக்கு மலாயில் கடிதம். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழிப் புகாருக்குத் தடயமே இருக்காது. கடிதத்தில் தண்டனை கேட்பதைவிட, யார் விசாரிப்பார், எந்தத் தேதிக்குள் பதில் வரும், அதுவரை பிள்ளை எங்கே உட்காருவாள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலகம், அல்லது கல்வி அமைச்சின் 'சிஸ்பா' புகார்த் தளம்.

காரியம் கெடுவது வழக்கமாக இரண்டு இடங்களில். கட்டொழுங்கு ஆசிரியர் இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்க வைப்பார். சொன்னவனுக்கு அது விளையாட்டாக முடிந்துவிடும், இவளுக்குச் சொல்லிப் பயனில்லை என்றாகிவிடும். தனித்தனியாக விசாரிக்கச் சொல்லுங்கள். நடந்ததை அவள் ஆலோசக ஆசிரியரிடம் ஒரே தடவை சொன்னால் போதும், திரும்பத் திரும்பச் சொல்ல வைக்க வேண்டாம் என்றும் கேளுங்கள். இன்னொன்று டிக்டாக். கோபத்தில் அந்தப் பையனின் முகத்தைப் போட்டால், தொடர்பு பல்லூடகச் சட்டம் 233ஆம் பிரிவில் புகார் உங்கள் மேலேயே திரும்பக்கூடும். பேச்சும் பிள்ளையை விட்டு இனச்சண்டைக்குப் போய்விடும்.

இனி கொஞ்சம் கசப்பானது. 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி நடத்திய பொம்மைச் சோதனையில், கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைத்தான் நல்ல பொம்மை என்று காட்டினார்கள். அதற்கு யாரும் நேரில் வந்து திட்டியிருக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் "வெயில்ல ஆடாதே, கறுத்துடுவே" என்பது எத்தனை வயதில் ஆரம்பிக்கிறது? உணவகத்தில் வங்காளதேசத் தொழிலாளியை எப்படிக் கூப்பிடுகிறோம்? "நாமும் அப்படித்தானே பேசறோம்?" என்று அவள் கேட்டால் மழுப்பாதீர்கள். ஆமாம் என்று சொல்லி, அன்றிலிருந்து நிறுத்துங்கள்.

தூக்கம், சாப்பாடு கெட்டு, காலையில் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போகாமல் இரண்டு வாரம் இழுத்தால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே (Talian Kasih) எண் 15999, இரவிலும் எடுப்பார்கள்.