நாடகம் போட ஸ்கிரிப்டை ஸ்டேஷனில் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: எங்களுக்குத் தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிராமம். கல்லூரியில் படிக்கும் பதினோரு பேர் சேர்ந்து குழந்தைத் திருமணத்தைப் பற்றி வீதி நாடகம் போடப் போகிறோம். ஸ்கிரிப்டை ஸ்டேஷனில் காட்டி அனுமதி வாங்காமல் நடித்தால் கேஸ் விழும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். 6,000 ரூபாய் கொடுத்தால் தானே முடித்துத் தருகிறாராம். கொடுக்கலாமா?

பதில்: தம்பி, ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நாடகப் பிரதியைப் போலீஸ் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பது 1954-ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்திலிருந்து வந்த பழக்கம். எழுத்தாளர் ஞாநி வழக்குப் போட்டு, 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் "ஸ்கிரிப்ட் எங்கே?" என்று கேட்கிற ஸ்டேஷன்கள் இருக்கின்றன. தீர்ப்பை ஒரு பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தால், இந்த ஆள் உங்கள் வாசலுக்கு வந்திருக்கவே மாட்டார்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். தேதி, நேரம், இடம், எத்தனை பேர் என்று எழுதி இன்ஸ்பெக்டருக்கு ஒரு மனு. இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றில் சீல், தேதி வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஊராட்சித் தலைவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மைக், ஸ்பீக்கர் வைத்தால் எழுத்தில் அனுமதி கட்டாயம். அதனால் மைக்கே வேண்டாம். சாயங்காலம் ஐந்தரைக்குப் பறையை எடுத்து நான்கு அடி அடியுங்கள். பிள்ளைகள் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து பின்னால் நிற்பார்கள். இருபது நிமிட நாடகத்துக்குத் தொண்டை போதும்.

அந்த ஆளிடம் இன்னொரு விஷயத்திலும் கவனமாக இருங்கள். அனுமதிக்குப் பணம் வாங்குகிறவர் அடுத்து 'ஸ்பான்சர்' கொண்டுவருவார். பின்னால் ஒரு பேனர் கட்டச் சொல்வார், போட்டோ எடுப்பார், வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பார். ஒரே ஊரில் ஒரு முறை ஆடிய பிள்ளைகள், தங்கள் கையெழுத்தை வைத்துப் பத்து ஊருக்குக் கணக்குக் காட்டப்பட்டதைப் பிறகு தெரிந்துகொண்டு என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். தொகை எழுதாத தாளில் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். பேனர் கட்டினால்தான் பணம் என்றால் அந்தப் பணமே வேண்டாம்.

சரி, உண்மையிலேயே கேஸ் வரக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. உங்கள் ஊரில் நடந்த சம்பவத்தைக் கதையாக எடுக்கப் போகிறீர்கள் என்றால், அந்தப் பெண் யார் என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது. பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். பள்ளி, தெரு, அப்பாவின் தொழில் என அடையாளம் காட்டும் எதுவும் வெளியே வரக்கூடாது என்கிறது சிறார் நீதிச் சட்டம். மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை கிடக்கட்டும். எங்கள் குழுவே ஒருமுறை இந்தத் தவறைச் செய்தது. கதைக்குரிய பிள்ளையின் பெயரை மாற்றினோம், அவளுடைய நீல சைக்கிளை மட்டும் கதையில் விட்டுவைத்தோம். சைக்கிள் உள்ளே வந்ததும் கூட்டம் மொத்தமும் திரும்பி ஒரு வீட்டைப் பார்த்தது. ஜன்னல் சாத்திக்கொண்டது. ஒரு வாரம் அந்தப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. அதனால் வேறு ஊர், வேறு தொழில், வேறு முடிவு என்று கதையையே கலைத்து எழுதுங்கள்.

முடிவை நீங்களே சொல்லிவிடவும் வேண்டாம். அப்பா "நல்ல வரன்" என்று தலையாட்டும் இடத்தில் நிறுத்தி, "இப்போ இந்தப் பொண்ணு என்ன பண்ணலாம்?" என்று கூட்டத்தைக் கேளுங்கள். பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால் வகுத்த முறை இது. யாராவது ஒரு பாட்டி எழுந்து வந்து அம்மா வேஷத்தை வாங்கிக்கொள்வார். அவர் பேசுவதை ஊர் கேட்கும், உங்கள் வசனத்தைவிடக் கவனமாக.

அப்புறம், முடிந்ததும் உடனே வண்டி ஏறாதீர்கள். குழுவில் இருக்கும் பெண்கள் இரண்டு பேர் அரை மணி நேரம் அங்கேயே இருக்கட்டும். பறையை உறையில் போடும் நேரத்தில்தான் யாராவது ஒரு பிள்ளை தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வருவாள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அவள் எதிரிலேயே அழைத்துக் கொடுங்கள்.