ஒரே 1849, இரண்டு முகங்கள்

அன்புள்ள ஐயா,

நெதர்லாந்தின் பழைய இரண்டரை கில்டர் வெள்ளி நாணயங்கள் இரண்டு வாங்கினேன். இரண்டிலும் 1849 என்றே இருக்கிறது. ஆனால் ஒன்றில் தலை இடப்பக்கம் பார்க்கிறது, மற்றதில் வலப்பக்கம். ஒன்று போலியோ? இரண்டுமே கறுத்திருக்கின்றன, விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

க.

அன்புள்ள க.,

தயவுசெய்து தேய்த்துவிடாதீர்கள். சேகரிக்கத் தொடங்கிய புதிதில் நெதர்லாந்து மன்னர் மூன்றாம் வில்லெம் காலத்து ஒரு கில்டரை நான் விபூதி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று மின்னியது. அப்புறம் லென்ஸ் வைத்துப் பார்த்தால் மன்னரின் கன்னமெல்லாம் மயிரிழைக் கீறல்கள். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. கறுப்பு வெள்ளியின் மேல் இயல்பாகப் படிவது, சேகரிப்பவர்கள் அதை விரும்பித்தான் வாங்குகிறார்கள்.

சரி, முகங்களுக்கு வருவோம். இரண்டாம் வில்லெம் 1849 மார்ச் 17 அன்று இறந்தார், மகன் மூன்றாம் வில்லெம் அரசரானார். அதனால் அந்த ஆண்டில் இருவர் பெயரிலும் நாணயம் அடித்தார்கள். இடப்பக்கம் பார்ப்பவர் அப்பா, வலப்பக்கம் பார்ப்பவர் மகன். பெயருக்குப் பின்னால் ரோமன் எண்ணில் இரண்டு கோடா (II), மூன்று கோடா (III) என்று எண்ணிப் பாருங்கள். ஆக, முகம் மாறியிருப்பதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது.

போலியா என்பதை எடையும் விளிம்பும்தான் சொல்லும். எடை 25 கிராம், தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம். குறுக்களவு 38 மில்லிமீட்டர். நாணயத்தை விரலிடுக்கில் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். 'கடவுள் எங்களோடு இருப்பாராக' என்ற டச்சு வாசகம் விளிம்பில் உள்ளே குழிந்து ஓடும். வார்த்தெடுத்த போலியில் அந்த எழுத்துகள் மழுங்கியிருக்கும், ஒட்டுக்கோடும் தெரியலாம். கேடயம் உள்ள பக்கத்தில் மெர்க்குரி என்ற ரோமானியத் தெய்வத்தின் கோலும் சிறு வாளும் இருக்கின்றனவா பாருங்கள். கோல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர நாணயச்சாலையின் அடையாளம், வாள் அப்போதைய தலைமை அதிகாரியுடையது.

இந்த வரிசையில் உண்மையிலேயே அரிதானது முதலாம் வில்லெமின் தலை உள்ள 1840ஆம் ஆண்டு நாணயம். 1839இல் புதிய நாணயச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படியான அளவில் அவர் பெயரால் இரண்டரை கில்டர் அடித்தது அந்த ஓராண்டு மட்டும்தான், 1840 அக்டோபரில் அவர் முடிதுறந்துவிட்டார். எங்காவது கண்ணில் பட்டால், எவ்வளவு கறுத்திருந்தாலும் விடாதீர்கள்.

உங்கள் இரண்டு நாணயங்களின் விளிம்பையும் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.