கேள்வி-பதில்: படுத்துறங்கும் வான் வாங்கப் போகிறவர்களுக்கு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விடயம்தான். சுற்றுலா விசாவில் வெளிநாடு போகிறவர் அங்கே கேம்பர்வான் என்ற படுத்துறங்கும் வான் வாங்கலாமா, இங்கே இலங்கைக்குச் சுற்றுலா வருகிறவர் யாருடைய பெயரில் வான் வாங்குவது என்று கேட்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கி, பெயர்களை எடுத்துவிட்டேன்.

அக்கா ஒக்லண்டில் இருக்கிறார். நானும் மனைவியும் மூன்று மாத விசிற்றர் விசாவில் போகிறோம். கேம்பர்வான் ஒன்றை வாங்கி, நியூசிலாந்தின் இரண்டு தீவையும் சுற்றிவிட்டு, விற்றுவிட்டு வர எண்ணம். என் பெயரில் பதியலாமா, அக்காவின் பெயரில்தான் வாங்க வேண்டுமா? — கொக்குவில்

உங்கள் பெயரிலேயே பதியலாம். நியூசிலாந்தில் வாகனம் வாங்குவதற்கு விசா வகை தடை இல்லை. அந்த நாட்டு விலாசம் ஒன்று வேண்டும். அக்காவின் வீட்டு விலாசம் போதும். இணையத்தில் பெயர் மாற்ற அந்த நாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரம் கேட்பார்கள். உங்களிடம் அது இருக்காது. ஆகவே எம்ஆர்13பி என்ற படிவத்தை நிரப்பி, கடவுச்சீட்டோடு விரிஎன்இசற் போன்ற முகவர் நிலையம் ஒன்றுக்கு நேரில் போங்கள். விற்றவரும் தன் பங்குக்கு விற்றதாக அறிவிக்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் நடந்தால் நல்லது.

பதிவு சுலபம். காசு போவது வேறு இடங்களில். முதலாவது, டபிள்யூஓஎஃப் என்ற தகுதிச் சான்று. விற்பவர் தரும் சான்று ஒரு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். 'உள்ளபடியே வாங்குகிறேன்' என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்புப் போய்விடும். அப்படி எழுதித் தரச் சொல்பவரிடம் வாங்க வேண்டாம்.

இரண்டாவது டீசல். அங்கே டீசல் வாகனத்துக்கு ஓடும் தூரத்துக்கு வீதிக் கட்டணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். சிறிய வான்களுக்கு 1,000 கிலோமீற்றருக்கு 76 டொலர். எந்தத் தூரம் வரை கட்டியிருக்கிறது என்று முன் கண்ணாடியில் ஒட்டிய சிட்டையில் எழுதியிருக்கும். அதைப் படியுங்கள், பிறகு உள்ளே ஏறி மீற்றரைப் பாருங்கள். சிட்டையில் 2,45,000, மீற்றரில் 2,51,000 என்றால் 6,000 கிலோமீற்றர் கடன். 456 டொலர். பெயர் மாறியதும் அந்தக் கடன் உங்கள் தலையில். விலை பேசும்போதே கழித்துவிடுங்கள்.

மூன்றாவது கழிப்பறை. நகரசபைகள் பல இடங்களில் 'சகல வசதியும் உள்ளே கொண்ட' வாகனத்தை மட்டும்தான் இரவில் நிற்க விடும். மீறினால் 400 டொலர் தண்டம். 2023 இல் வந்த சட்டத்தின்படி கழிப்பறை வானோடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும், படுக்கையை விரித்த பிறகும் பயன்படுத்தக் கூடியதாக இருக்க வேண்டும். தூக்கி வைக்கும் வாளிக் கழிப்பறை செல்லாது. பச்சை நிறச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். விளம்பரத்தில் 'வசதிகள் உண்டு' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பக் கூடாது.

அத்தோடு பிபிஎஸ்ஆர் என்ற பதிவேட்டில் வாகன இலக்கத்தைப் போட்டு, வான்மேல் கடன் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் அங்கே கட்டாயம் இல்லை. இருந்தும் எடுங்கள். விபத்தில் ஆளுக்குக் காயம் என்றால் ஏசிசி என்ற அரச திட்டம், சுற்றுலாப் பயணியையும் சேர்த்தே, பார்த்துக்கொள்ளும். ஆனால் நீங்கள் இடித்த மற்றவரின் காருக்கு அது ஒரு சதமும் தராது.

கடைசியாகக் கூரை. நான் வாங்கிய பழைய வானில் கூரை மூட்டின் றப்பர் வெடித்திருந்தது. மாரி தொடங்கிய கிழமையே மெத்தை ஊறிவிட்டது, உள்ளே போட்ட பலகையெல்லாம் உப்பிவிட்டது. வெயில் நாளில் பார்க்கப் போனாலும் மெத்தையைத் தூக்கி அடிப்பலகையைக் கையால் தடவிப் பாருங்கள். புது வாசனைத் திரவியம் அடித்து வைத்திருந்தால் இன்னும் கவனமாகத் தடவுங்கள்.

மூன்று கிழமைப் பயணம். வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? — உடுவில்

வாடகைக்கு எடுங்கள்.

லண்டனில் உள்ள மச்சான் வி5சி லொக்புக் தன்னிடம் இருக்கிறது, ஆகவே வான் தனக்குத்தான் சொந்தம் என்கிறார். சரியா? — நெல்லியடி

இல்லை. அந்தப் பத்திரம் வாகனத்தைப் பதிந்து வைத்திருப்பவர் யார் என்றுதான் சொல்கிறது. அது உரிமைச் சான்று அல்ல என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். காசு கட்டிய பற்றுச்சீட்டு எங்கே என்று கேளுங்கள்.

நான் கனடாப் பிரஜை. இப்போது அம்மம்மாவோடு நிற்கிறேன், அடுத்த மாதம் அவுஸ்திரேலியா போகிறேன். பேஸ்புக்கில் கேம்பர்வான் ஒன்று பிடித்துவிட்டது. விக்ரோரியா மாநில நம்பர். 1,500 டொலர் முற்பணம் போட்டுவிட்டேன். தகுதிச் சான்றை நீங்களே எடுங்கள் என்கிறார் விற்பவர். இனி என்ன செய்ய? — மானிப்பாய்

தம்பி, வானைப் பார்க்காமல், ஓட்டாமல், விற்பவரின் முகம் தெரியாமல் காசை அனுப்பிவிட்டுக் கேட்கிறீர்கள். காசு அனுப்புவதற்கு முன் எழுதியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும்.

அவுஸ்திரேலியாவில் வாகனப் பதிவு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வான் எங்கே நின்றாலும், எந்த மாநில நம்பர் தகடோ அந்த மாநிலத்தின் விதிதான். விக்ரோரியாவில் பதிவோடு விற்கும் வாகனத்துக்கு ஆர்டபிள்யூசி என்ற வீதித் தகுதிச் சான்று வேண்டும். அது இல்லாமல் பெயர் மாறாது. சான்று எடுக்கப் போனால் பிரேக், ரயர், சஸ்பென்ஷன் எல்லாம் பார்ப்பார்கள். பழைய வானுக்கு அந்தத் திருத்தச் செலவு சில வேளை வானின் விலைக்கே கிட்ட வரும். 'நீங்களே எடுங்கள்' என்பதன் பொருள் இதுதான். மேற்கு அவுஸ்திரேலியா நம்பர் வான்களைப் பயணிகள் தேடித் திரிவதற்கும் இதே காரணம். பதிவு நடப்பில் இருந்தால் அங்கே பெயர் மாற்றப் பரிசோதனை கேட்பதில்லை. அதற்காக அந்த வான் நல்ல வான் என்று நினைத்துவிட வேண்டாம். பரிசோதிக்கவில்லை என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரியும்.

இப்போது செய்ய வேண்டியது: வாகனத்தின் விஐஎன் என்ற அடையாள இலக்கத்தைக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் முற்பணத்தை மறந்துவிட்டு விலகுங்கள். தந்தால், அவுஸ்திரேலிய பிபிஎஸ்ஆர் பதிவேட்டில் 2 டொலர் கட்டிப் பாருங்கள். கடன், களவு, விபத்தில் கழித்த வாகனம் எல்லாம் அதில் தெரியும். சான்று விற்பவர் செலவில், மீதிக் காசு சான்றைக் கண்ட பிறகு என்று எழுத்தில் வாங்குங்கள். பெயர் மாற்ற 14 நாள்தான் அவகாசம், முத்திரை வரி வாங்குபவருக்கு. பதிவோடு போகும் சிரிபி காப்புறுதி ஆட்களின் காயத்துக்கு மட்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஜேர்மனியில் உள்ள மகனிடம் இரண்டு மாதம் போகிறேன். அங்கே மோட்டார்ஹோம் ஒன்றை என் பெயரில் பதியலாமா? — கரவெட்டி

அங்கே விலாசப் பதிவு இல்லாதவர் பெயரில் சாதாரண நம்பர் எடுப்பது சுலபம் இல்லை ஐயா. மகன் தன் பெயரில் வாங்கிப் பதியட்டும். நீங்களும் ஓட்டுவீர்கள் என்பதை இன்சூரன்ஸ் கம்பனிக்கு முதலே எழுத்தில் சொல்லச் சொல்லுங்கள்.

நல்லூரில் சிறிய விருந்தினர் விடுதி வைத்திருக்கிறேன். எங்களிடம் தங்கும் வெளிநாட்டுத் தம்பதி, நல்ல மனிதர்கள், பழைய வான் ஒன்றை வாங்கிக் கட்டில் போட்டு இலங்கை முழுக்கச் சுற்றப் போகிறார்களாம். சீஆர் (வாகனப் பதிவுச் சான்றிதழ்) என் பெயரில் இருக்கட்டும், அல்லது ஓப்பன் பேப்பரில் வாங்கி ஓடுவோம் என்று புரோக்கர் சொல்கிறார். எனக்கு ஏதும் பிரச்சினை வருமா? — நல்லூர்

வரும் அம்மா. இரண்டு வழியிலும் வரும்.

சீஆர் உங்கள் பெயரில் என்றால், அந்த வான் அம்பாந்தோட்டையில் ஒருவரை இடித்தாலும் பொலிஸ் தேடி வரும் விலாசம் உங்களுடையது. நட்டஈட்டு வழக்கில் உங்கள் பெயர் வரும். அவர்கள் விமானம் ஏறியிருப்பார்கள். அவர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்பது இங்கே கணக்கில் வராது. விடுதிக்காரர் தன் வாகனத்தை விருந்தினருக்குக் காசுக்குக் கொடுத்தார் என்று இன்சூரன்ஸ் கம்பனி எடுத்துக்கொண்டால், தனியார் பாவனைக் காப்புறுதி கைவிட்டுவிடும்.

ஓப்பன் பேப்பரைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. விற்பவர் பெயர் மாற்றும் படிவத்தில் கையொப்பம் வைப்பார். வாங்குபவரின் பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விடுவார். அந்தத் தாளும் சீஆரும் திறப்பும் கைமாறும். வாங்கியவர் பதியாமல் வைத்திருந்து, லாபம் வரும்போது அதே தாளோடு அடுத்தவருக்குக் கொடுப்பார். அப்படி நாலைந்து கை மாறிய வாகனங்கள் யாழ்ப்பாண வீதிகளில் நிறைய ஓடுகின்றன. சட்டம் சொல்வது, கைமாறி 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பெயர் மாற்ற வேண்டும் என்று. யாரும் கேட்பதில்லை. பதிவுச் செலவு மிச்சம் என்று வாங்குபவரும், விற்பது சுலபம் என்று புரோக்கரும் நினைக்கிறார்கள்.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு ஆபத்து உண்டு. முதல் கையொப்பக்காரர் இப்போது கனடாவில் ஸ்காபரோவில் இருப்பார், அல்லது காலமாகியிருப்பார். பத்து வருடம் முந்திய கையொப்பம் பொருந்தவில்லை என்று திணைக்களம் திருப்பினால், புதிதாகக் கையொப்பம் வைக்க யாரைத் தேடுவது? நான் ஓப்பன் பேப்பரில் வாங்கிய மோட்டார் சைக்கிளுக்கு அதுதான் நடந்தது. பெயர் மாற்ற வழியில்லை, வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க ஒவ்வொரு வருடமும் இழுபறி. கடைசியில் பழைய இரும்பு விலைக்குப் போனது. விற்றவருக்கும் நிம்மதி இல்லை. அவர் எப்போதோ விற்ற வாகனத்தில் கசிப்புக் கடத்திப் பிடிபட்டால், பதிவேட்டில் உள்ள பெயர் அவருடையது. புரோக்கருக்கு மட்டும் எந்தத் தாளிலும் பெயர் இல்லை. தரகு வாங்கியவுடன் அவர் வேலை முடிந்துவிடுகிறது.

உங்கள் விருந்தினரிடம் சொல்லுங்கள்: வாடகைக்கு வாகனம் கொடுக்கும் பதிவு செய்த நிறுவனத்திடம், வாடகைக் காப்புறுதி உள்ள வானை எடுக்கட்டும். வெளிநாட்டு அனுமதிப்பத்திரம் மட்டும் இங்கே ஓட்டப் போதாது. தற்காலிக அனுமதி வேண்டும். 2025 ஓகஸ்ட்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அதை எடுக்கலாம்.

நோர்வேயில் இருந்து தம்பி குடும்பத்தோடு வருவதால், எல்லோரும் படுத்துப் பயணம் போகக்கூடிய ஹையேஸ் வான் ஒன்றை அவருடைய காசில் வாங்கினேன். ஓய்வூதியக்காரன் நான். சீஆரின் பிரதிதான் தந்தார்கள், மூலம் கொழும்பில் இருக்கிறது, ஒரு மாதத்தில் வரும் என்றார் விற்றவர். நாலாம் மாதம் லீசிங் கம்பனி ஆட்கள் வந்து வானைக் கொண்டுபோய்விட்டார்கள். விற்றவர் போனை எடுப்பதில்லை. தம்பி என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். — சாவகச்சேரி

ஐயா, நடந்ததற்கு நீங்கள் குற்றவாளி இல்லை. தம்பியிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனத்துக்குத் திறந்துவிடும் வரை, பழைய வான்களின் விலை மிக உயர்ந்து நின்றது. 'நாளைக்கு இந்த விலைக்குக் கிடையாது' என்று அவசரப்படுத்தி விற்றுப் பழகியவர்கள் இன்னும் அதே பேச்சோடுதான் இருக்கிறார்கள். உங்களை ஏமாற்றியவர் தெரிந்தே செய்திருக்கிறார். தவணை முடியும் வரை சீஆரில் லீசிங் கம்பனியின் பெயர் முழு உரிமையாளர் என்று இருக்கும். அதைக் காட்டினால் நீங்கள் வாங்கியிருக்க மாட்டீர்கள் என்பதால்தான் மூலத்தை மறைத்தார்.

நாளைக்கே பொலிஸ் முறைப்பாடு போடுங்கள். வானைத் திரும்பத் தரச் சொல்லி அல்ல, பொய் சொல்லிக் காசு பெற்ற மோசடி என்று. வங்கிப் பற்றுச்சீட்டு, போனில் வந்த செய்திகள், சீஆர்ப் பிரதி, பக்கத்தில் நின்ற ஆட்களின் விபரம் எல்லாவற்றையும் கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்குங்கள். பிறகு லீசிங் கம்பனிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதி, எவ்வளவு நிலுவை, வானை எப்போது விற்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். நிலுவை சிறிதாக இருந்தால் அதைக் கட்டி வானை மீட்டு, அந்தக் காசையும் சேர்த்து விற்றவர்மீது வழக்குப் போடுவது சில வேளை லாபம். சட்டத்தரணிக்குக் காசு இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போங்கள். விற்றவர் வாகன வியாபாரி என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் எழுதுங்கள். வாகனம் வாங்கி மூன்று மாதத்துக்குள் அங்கே முறையிட வேண்டும் என்ற விதி உண்டு, உங்களுக்கு அது கடந்துவிட்டது போலிருக்கிறது. இருந்தாலும் அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். நடப்பதை எனக்கு எழுதுங்கள்.

தாவடியில் பார்த்த வானின் செசி இலக்கத்தில் இரண்டு எழுத்து சுரண்டியதுபோல் இருக்கிறது. துரு என்கிறார் விற்பவர். விலை நல்லம். வாங்கலாமா? — கோண்டாவில்

வேண்டாம். முற்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திருப்பிக் கேளுங்கள், தனியாகப் போக வேண்டாம்.