மென்திசுக் கட்டி எந்தச் செல்லில் பிறக்கிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: தம்பிக்குத் தொடையில் கட்டி. ரிப்போர்ட்டில் சைனோவியல் சார்கோமா என்று இருக்கிறது. மூட்டில் எந்தத் தொந்தரவும் இல்லையே, ரிப்போர்ட் தப்பா? (பெரம்பூர்)

தப்பில்லை. சார்கோமா என்பது தசை, கொழுப்பு, எலும்பு போன்ற திசுக்களில் வரும் புற்றுநோய். 'சைனோவியல்' என்றால் மூட்டு உறை சார்ந்தது. ஆனால் மூட்டு உறையிலிருந்து இந்தக் கட்டி பிறப்பதில்லை. மைக்ரோஸ்கோப்பில் அந்த உறை போலத் தெரிந்ததால் அந்தக் காலத்தில் வைத்த பெயர், அப்படியே நின்றுவிட்டது. மூட்டுக்குப் பக்கத்தில் வரும், மூட்டுக்குள் வருவது அபூர்வம். நுரையீரலிலும் கழுத்திலும்கூட வரும். எக்ஸ் குரோமோசோமும் 18ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டு எஸ்எஸ்18-எஸ்எஸ்எக்ஸ் என்ற இணைப்பு ஜீன் உருவாவதுதான் இதன் அடையாளம். 2007இல் எலிகளில் செய்த ஆய்வில், முதிராத தசைச் செல்களில் இந்த ஜீனை இயக்கியபோது கட்டி வந்தது. முதிர்ந்த தசையில் இயக்கியபோது தசை நலிந்ததே தவிர, கட்டி வரவில்லை. ஒரே ஜீன் பிழை எந்தச் செல்லில், எந்தப் பருவத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்தே விளைவு. தம்பியின் கட்டியில், இந்தக் குரோமோசோம் மாற்றத்தைக் காட்டும் ஃபிஷ் டெஸ்ட் செய்தார்களா என்று கேளுங்கள்.

கேள்வி: கையில் பல வருஷமாகக் கொழுப்புக் கட்டி. லிப்போசார்கோமாவாக (கொழுப்புத் திசுப் புற்றுநோயாக) மாறுமா? (அம்பத்தூர்)

மாறுவது மிக மிக அரிது. இரண்டும் ஆரம்பத்திலிருந்தே வேறு வேறு. ஆனால் 5 செ.மீ.க்கு மேல், சதைக்கு அடியில், வளர்ந்துகொண்டே இருந்தால் எம்.ஆர்.ஐ. முதலில், பிறகு ஊசி பயாப்ஸி, அதற்கப்புறம்தான் கத்தி.

கேள்வி: கிரிக்கெட் பந்து பட்ட இடத்திலேயே கட்டி வந்துவிட்டது. அடிதானே காரணம்? (வேளச்சேரி)

இல்லை. ஏற்கெனவே இருந்த கட்டி, அடிபட்டதால் கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது.

கேள்வி: தசைப் புரதங்களைக் காட்டும் டெஸ்மின், மயோஜெனின் ஸ்டெயின்கள் இரண்டும் பாசிட்டிவ். அப்படியானால் ராப்டோமயோசார்கோமா (தசைச் செல் போலத் தெரியும் புற்றுநோய்) எலும்புத்தசைச் செல்லில் பிறந்தது என்று எழுதலாம் அல்லவா? (எம்.டி. நோயியல் மாணவர்)

எழுதாதீர்கள். செல் இன்று என்ன வேலை செய்ய முயல்கிறது என்பதைத்தான் ஸ்டெயின் சொல்லும், எங்கே பிறந்தது என்பதைச் சொல்லாது. இந்தக் கட்டி சிறுநீர்ப்பையில் வருகிறது, பித்தக்குழாயில் வருகிறது. அங்கே எலும்புத்தசை ஏது? கொழுப்புச் செல் வம்சத்தில் ஹெட்ஜ்ஹாக் என்ற வளர்ச்சிச் சமிக்ஞையைத் தூண்டியே எலியில் இதே கட்டியை 2012இல் வரவழைத்தார்கள். உங்கள் கேள்வியில் நோயாளியின் வயதும் இல்லை, கட்டி இருந்த இடமும் இல்லை. ஸ்டெயினை வைத்து முடிவுகட்டும் அவசரம் இங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: எங்கள் நர்சிங் ஹோமில் எடுத்த கட்டியை லேபுக்கு அனுப்பினோம். 'வகை உறுதியாகச் சொல்ல இயலாது' என்று எழுதிவிட்டார்கள். இதற்கா காசு? (அறுவை மருத்துவர்)

டாக்டர், நோயாளியின் வயது, கட்டியின் அளவு, ஆழம் எதையும் எனக்கும் நீங்கள் எழுதவில்லை. லேபுக்கு எழுதியிருப்பீர்களா என்ற சந்தேகம் வருகிறது. 'ஸ்வெல்லிங், தை' (தொடையில் வீக்கம்) என்று இரண்டு வார்த்தையோடு, சலைனில் மிதக்கும் துண்டுகள் வாரம் தவறாமல் என் மேஜைக்கு வருகின்றன. சென்னை மே மாத வெயிலில் ஆட்டோவில் அரை நாள் சுற்றிய பாட்டிலில் செல் என்ன மிஞ்சும்? கட்டியின் கனஅளவைப் போலப் பத்து மடங்கு, திசுவைக் கெடாமல் காக்கும் 10 சதவீத பஃபர் ஃபார்மலின் வேண்டும். ஃபார்மலின் மணிக்கு ஏறக்குறைய 1 மி.மீ.தான் உள்ளே இறங்கும். தேங்காய் அளவுக் கட்டியை முழுசாகப் போட்டு மூடினால் நடுப்பகுதி அழுகிவிடும். ஆர்.என்.ஏ. சிதைந்தபின் எந்த இணைப்பு ஜீனைத் தேடுவது? சார்கோமாவில் 70க்கும் மேற்பட்ட வகைகள். மைக்ரோஸ்கோப்பில் பல ஒன்றுபோலவே இருக்கும், ஜீன்தான் பிரித்துக்காட்டும். அதைவிட என் மனம் பொறுக்காதது, படம் எடுக்காமல் கத்தி வைப்பது. தோண்டி எடுத்துவிட்டு, பிறகு சார்கோமா என்று தெரிந்தால், அந்த நோயாளிக்கு இன்னொரு பெரிய ஆபரேஷன், சில சமயம் காலே போகும். எம்.ஆர்.ஐ. முதலில், பிறகு ஊசி பயாப்ஸி, அதற்கப்புறம்தான் கத்தி. ஊசி போகும் பாதையையும், பின்னால் ஆபரேஷன் செய்யப்போகிறவரே தீர்மானிக்க வேண்டும். உங்கள் நோயாளியின் பிளாக்கை (மெழுகில் பதித்த திசுவை) உடனே சார்கோமா பார்க்கும் லேபுக்கு அனுப்புங்கள். மிச்சம் இருப்பதில் ஏதாவது தேறலாம்.

கேள்வி: அம்மாவின் பழைய ரிப்போர்ட்டில் எம்.எஃப்.எச். என்று இருக்கிறது. இப்போது யாரும் அதைச் சொல்வதில்லையே? (மயிலாப்பூர்)

மாலிக்னன்ட் ஃபைப்ரஸ் ஹிஸ்டியோசைட்டோமா என்பதன் சுருக்கம். ஹிஸ்டியோசைட் என்ற நோய் எதிர்ப்புச் செல்லில் பிறந்தது என்று நம்பி வகுத்த வகை அது. நம்பிக்கை பொய்த்தது, 2013 உலக சுகாதார நிறுவனப் பட்டியலில் வகையே நீங்கியது. பிளாக் இருந்தால் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பல கேஸ்களில் வேறு பெயர் கிடைத்திருக்கிறது.

கேள்வி: பிறந்த செல்லைத் தேடுவதால் நோயாளிக்கு என்ன லாபம்? (பள்ளி ஆசிரியை, தாம்பரம்)

நல்ல கேள்வி அம்மா. இரைப்பை, குடல் சுவரில் வரும் ஜிஸ்ட் என்ற சார்கோமாவைப் பாருங்கள். வெகுகாலம் மென்தசைக் கட்டி என்றே சிகிச்சை தந்தார்கள், கீமோ பலிக்கவில்லை. 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதில் கிட் ஜீன் பிழையைக் கண்டார்கள். குடலை இயக்கும் கஹால் செல்களோடு அதன் உறவும் தெரிந்தது. நாலில் மூன்று கட்டிகளில் அந்தப் பிழை உண்டு. சில வருஷங்களிலேயே அந்தப் பிழையின் வேலையைத் தடுக்கும் இமாடினிப் மாத்திரை வந்தது. கை விரித்து அனுப்பப்பட்டவர்கள் வருஷக்கணக்கில் வாழ்கிறார்கள்.

கேள்வி: இரண்டாவது அபிப்பிராயத்துக்கு எதை எடுத்துப்போக வேண்டும்? (ஆவடி)

ரிப்போர்ட் மட்டும் போதாது. ஸ்லைடு, பாரஃபின் பிளாக், எம்.ஆர்.ஐ. படங்கள் உள்ள சி.டி. (டிஸ்க்), மூன்றும் வேண்டும்.