ஹைட்ரஜனும் அணுக்கரு இணைவும் வந்துவிட்டால் அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களை மூடிவிடலாமா?

இந்த இரண்டையும் நம்பி மூட முடியாது. ஹைட்ரஜனுக்கு வடசென்னையில் உண்மையான வேலை இருக்கிறது. ஆனால் மின்சாரம் தயாரிப்பது அதில் சேராது. இணைவு மின்சாரமோ, 1990களில் ஓடத் தொடங்கிய அத்திப்பட்டின் முதல் அலகுகள் ஓய்வுபெறும் காலத்துக்குள் வரப்போவதில்லை.

நிலக்கரி போல வெட்டியெடுத்து எரிக்கும் அளவுக்கு ஹைட்ரஜன் நம்மிடம் கிடையாது. தண்ணீரிலிருந்தோ இயற்கை எரிவாயுவிலிருந்தோ ஆற்றலைச் செலவழித்துத்தான் பிரிக்க வேண்டும். தண்ணீரில் மின்சாரம் செலுத்திப் பிரிக்கும் மின்பகுப்பில் ஒரு கிலோ எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் ஆகும். 350 பார் அழுத்தத்தில் சிலிண்டரில் அடைக்க இன்னொரு 3 யூனிட் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிலோவை, ஹைட்ரஜனை மறுபடி மின்சாரமாக்கும் எரிபொருள் கலத்தில் விட்டால் திரும்பக் கிடைப்பது சுமார் 17 யூனிட். போட்டதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அதே மின்சாரத்தை லித்தியம் பேட்டரியில் வைத்தால் 85 சதவீதத்துக்கு மேல் திரும்பி வரும்.

அத்திப்பட்டு மின்சாரத்தையே மின்பகுப்பானுக்குக் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம். நிலக்கரி மின்சாரம் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.9 கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறது. 55 யூனிட்டுக்கு அது கிட்டத்தட்ட 50 கிலோ. எரிவாயுவை நீராவியோடு வினைபுரிய வைக்கும் பழைய முறையிலேயே ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9, 10 கிலோதான் வெளியேறும். மத்திய அரசு 2023இல் வகுத்த வரையறைப்படி 2 கிலோவுக்குள் இருந்தால்தான் அது பசுமை ஹைட்ரஜன்.

நான் முதலில் கை வைக்கச் சொல்லும் இடம் மணலி. அங்கே ஹைட்ரஜன் ஏற்கெனவே டன் கணக்கில் செலவாகிறது. சிபிசிஎல் பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலையில் டீசலிலிருந்து கந்தகத்தை எடுக்க அது வேண்டும். வாகனப் புகைக்கான பிஎஸ் 6 விதிப்படி கந்தகம் 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 10 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது. மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸில் யூரியாவுக்கான அமோனியா செய்ய வேண்டும்: ஒரு டன் அமோனியாவுக்குச் சுமார் 177 கிலோ ஹைட்ரஜன். இங்கே ஹைட்ரஜனை மறுபடி மின்சாரமாக்கும் இழப்பு இல்லை, வேறு மாற்றும் இல்லை. தடை விலைதான். யூனிட் 5 ரூபாய் என்றால் மின்சாரச் செலவு மட்டுமே கிலோவுக்கு 275 ரூபாய். 3 ரூபாய்க்குக் கிடைத்தால் 165.

மலிவான மின்சாரம் வேண்டுமென்று சோலாரை மட்டும் நம்பினால் வேறொரு சிக்கல். கார மின்பகுப்பானில் 25 முதல் 30 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஓடும். நடுவில் ஒரு தடுப்புச் சவ்வு. காலையிலும் மாலையிலும் சுமை 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது ஆக்சிஜன் உற்பத்தி குறைந்துவிடும், சவ்வு வழியே கசியும் ஹைட்ரஜன் மட்டும் குறையாது. அதனால் ஆக்சிஜன் பக்கத்தில் அதன் விகிதம் ஏறும். 4 சதவீதத்தைத் தொட்டால் தீப்பிடிக்கும் கலவை என்பதால் 2 சதவீதத்திலேயே இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். அடிக்கடி நிறுத்தி ஓட்டினால் மின்முனைகளும் சீக்கிரம் கெடும். தமிழ்நாட்டுக் காற்றாலை மின்சாரத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் ஓடும் மணிநேரம் கூடி முதலீடு கட்டுப்படியாகும்.

தண்ணீரைப் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். கணக்குப்படி கிலோவுக்கு 9 லிட்டர், சுத்திகரிப்புக் கழிவையும் சேர்த்தால் அதைவிடக் கூடும், குளிர்விக்கத் தனி. கடல்நீரை நேரடியாக விட்டால் குளோரின் வரும், ஆகவே உப்பு முழுக்க நீக்கிய நீர்தான் வேண்டும். கொடுங்கையூரில் கழிவுநீரை எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் சுத்தம் செய்து மணலி ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019 முதலே இருக்கிறது. அந்த வழியையே நீட்டலாம். குடிநீரில் கை வைக்கத் தேவையில்லை.

பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் 2025 ஜூலையில் சோதித்த ஹைட்ரஜன் ரயில் பெட்டியைக் காட்டிக் கேட்பவர்களும் உண்டு. நல்ல பொறியியல் முயற்சிதான், ஆனால் மின்கம்பி போட்ட பாதையில் அதற்கு வேலை இல்லை.

இணைவுக்கு வருவோம். கல்பாக்கத்தில் நடப்பது கனமான அணுக்கருவை உடைக்கும் அணுக்கருப் பிளவு. லேசான அணுக்கருக்களை ஒன்றுசேர்க்கும் இணைவு வேறு. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் தேசிய பற்றவைப்பு மையத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலுக்கு 3.15 மெகாஜூல் கிடைத்தது பெரிய சாதனை. ஆனால் அந்த லேசரை இயக்க மின்கட்டத்திலிருந்து எடுத்தது 300 மெகாஜூல் அளவுக்கு. பிரான்ஸில் எழும் ஈட்டர் உலையில் இந்தியாவும் பங்காளி. உலையைச் சுற்றி நிற்கும் அதன் 3,850 டன் குளிர்கலனைச் செய்தது எல் அண்ட் டி. 50 மெகாவாட் வெப்பம் செலுத்தி 500 மெகாவாட் எடுப்பது இலக்கு. 2024இல் திருத்திய அட்டவணைப்படி டியூட்டீரியம், டிரிட்டியம் என்ற கனமான ஹைட்ரஜன் வகைகளின் கலவையில் அது ஓடப்போவது 2039இல்தான். அதுவும் ஆய்வு உலை, மின்சாரம் தராது.

அதற்குப் பிறகும் கடினமான பகுதி எரிபொருள். 1,000 மெகாவாட் இணைவுத் திறன் ஓராண்டு ஓட 55 கிலோவுக்கு மேல் டிரிட்டியம் தேவை. அது 12.3 ஆண்டில் பாதியாகச் சிதையும், இயற்கையில் சேர்த்துவைக்கும் அளவுக்குக் கிடைக்காது. உலைச் சுவரில் லித்தியம் வைத்து, நியூட்ரான் தாக்கி, எரித்ததைவிடச் சற்று அதிகமாகத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். முழு அளவில் இதை இன்னும் யாரும் செய்து காட்டவில்லை. அதே நியூட்ரான்கள் 14.1 மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு மோதிச் சுவரையும் நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். ஆராய்ச்சிக்குப் பணம் போடட்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதைக் காட்டி நிலக்கரியின் ஆயுளை நீட்டக் கூடாது. அந்த இடத்தை இன்றே நிரப்பக்கூடியவை காற்றாலை, சோலார், பேட்டரி, தண்ணீரை மேலே ஏற்றிவைத்துத் தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்றுச் சேமிப்பு.

ஒரு விஷயத்தில் எண்ணூர் மக்கள் விழிப்பாக இருக்க வேண்டும். பசுமை ஹைட்ரஜனைக் கப்பலேற்ற அதை அமோனியாவாக மாற்றுவார்கள், ஏனெனில் ஹைட்ரஜனைத் திரவமாக்க மைனஸ் 253 டிகிரி வேண்டும், அமோனியாவுக்கு மைனஸ் 33 போதும். பசுமை என்று பெயர் வைத்தாலும் நெஞ்சை அடைக்கும் வாயு அதேதான். 2023 டிசம்பர் 26 இரவு கடலடிக் குழாயில் கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்களை வீட்டைவிட்டு ஓடவைத்ததும் அமோனியாதான். புதிய திட்டத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தால் கேளுங்கள்: குழாயில் அழுத்தம் குறைந்தால் வால்வு தானாக மூடுமா, எத்தனை வினாடியில்? வாயு உணர்கருவிகள் ஆலை மதிலுக்குள் மட்டுமா, குப்பங்களிலும் உண்டா? சைரன் ஒலித்தால் காற்றுக்குக் குறுக்காக வெளியேறும் பாதை எது? மின்சாரம் எந்த நிலையத்திலிருந்து, ஆண்டில் எத்தனை மணி நேரத்துக்கு? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.