தனிப் பள்ளியில் வளரும் ஆசை: டீச்சரிடம் கேள்வி பதில்

நான் மலேசியாவில் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கான தமிழ்ப்பள்ளியில் படித்தவள், கோலாலம்பூரில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது சனிக்கிழமைகளில் சிலாயாங் பக்கம் அகதிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். குடியேறியவர்களின் பிள்ளைகள் மற்றவர்களிடமிருந்து பிரிந்து படித்தால் அவர்களின் படிப்பாசை என்னவாகும் என்பதுதான் இன்றைய பேச்சு. எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னாலும் கேட்கத்தான் போகிறீர்கள்.

செந்தூல் வாசகி: ஒரே கூட்டமாக அடைத்து வைத்தால் பிள்ளைகளுக்கு ஆசையே செத்துப்போகும்தானே?

பல நேரம் அப்படி நடப்பதில்லை. நாம் கிணற்றுத் தவளை என்று திட்டுவோம். ஜேம்ஸ் டேவிஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1966இல் கல்லூரி மாணவர்களைப் பற்றிப் பேசும்போது குளத்துத் தவளையை இழுத்தார். சின்னக் குளத்தில் பெரிதாகத் தெரியும் தவளை, பெரிய குளத்தில் விட்டால் தன்னைச் சிறிதாக நினைக்கும். பிள்ளையும் பக்கத்து மேசையோடுதான் தன்னை ஒப்பிடும். தன்னைப் போன்றவர்களே சுற்றியிருந்தால் ஆசை சுருங்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் அதே 1966இல் அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றி வந்த கோல்மன் அறிக்கை, உடன் படிப்பவர்களின் குடும்பப் பின்னணிக்கும் பிள்ளையின் தேர்ச்சிக்கும் தொடர்பு உண்டு என்று காட்டியது. ஆக, ஆசை மேலே நிற்கும், மதிப்பெண் கீழே இழுக்கும்.

ஆசை வேறு, எதிர்பார்ப்பு வேறு. இதை இன்று பத்துத் தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் போகும் கற்றல் மையம் கடைவீட்டின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. சுவரில் ‘என் லட்சியம்’ என்று ஒரு மணிலா அட்டை. பதினேழு பிள்ளைகளில் ஒன்பது பேர் டாக்டர். மியான்மார் அகதிகளான ரோஹிங்கியா குடும்பத்துச் சிறுமி ஒருத்தியிடம், “அடுத்த வருஷம் எங்கேம்மா படிப்பாய்?” என்றேன். பென்சிலைச் சீவிக்கொண்டே, “இங்கேதான், இல்லாவிட்டால் அப்பாவோடு மார்க்கெட்டுக்கு” என்றாள். டாக்டர் அவளுடைய ஆசை. மார்க்கெட் அவளுடைய எதிர்பார்ப்பு.

பிறை அண்ணாச்சி: அகதிப் பிள்ளைகளை அரசுப் பள்ளியிலேயே சேர்த்துவிட்டால் என்ன?

சேர்க்க முடியாது. மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம்தான், ஆனால் குடிமக்களின் பிள்ளைகளுக்கு மட்டும்.

பட்டர்வொர்த் அம்மா: என் மகளுக்கு ஏழு வயது. தமிழ்ப்பள்ளியா, மலாய் வழித் தேசியப் பள்ளியா?

வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது.

கிள்ளான் வாசகர்: ஜெர்மனியில் இருக்கும் அக்கா மகனுக்குப் பத்து வயது. தாழ்ந்த பிரிவுக்குப் போகச் சொல்லி ஆசிரியர் பரிந்துரைத்துவிட்டார். அக்கா அழுகிறாள்.

முதலில் எந்த மாநிலம் என்று கேளுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள், பெர்லினிலும் பிராண்டன்பர்கிலும் ஆறாம் வகுப்புவரை ஒன்றாகப் படிக்கலாம். சில மாநிலங்களில் ஆசிரியர் சொல்வது பரிந்துரை மட்டுமே, முடிவு பெற்றோர் கையில். அங்கே ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது இது: ஒரே மதிப்பெண், ஒரே மாதிரி வசதி என்று வைத்துப் பார்த்தால், குடியேறிய குடும்பங்கள்தான் கிம்னாசியம் என்ற மேல் பிரிவை அதிகம் கேட்கின்றன. ஆசைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பத்து வயதில், வீட்டில் பேசாத மொழியில் வாங்கிய மதிப்பெண் கதவை மூடுகிறது. பின்னால் மாறவும் வழி உண்டு. எப்போது, எந்த மதிப்பெண்ணுக்கு என்று அக்காவை இப்போதே பள்ளியில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். அழுகை அப்புறம்.

ஈப்போ இளைஞன்: அப்படியானால் தமிழ்ப்பள்ளியும் பிரிவினைதானே டீச்சர்?

வந்துவிட்டதா! சரி, பேசுவோம்.

ஒரு காலத்தில் பிரிவினைதான். 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. பெயருக்குப் பள்ளி, பல இடங்களில் ஒரு கொட்டகை. அதைத் தாண்டித் தமிழில் இடைநிலைப் படிப்பு இல்லை. எங்கள் தோட்டத்தில் பெரிய உத்தியோகம் என்றால் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர். அந்தக் கிராணி தன் பிள்ளைகளை டவுனில் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார். வழி தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அவர் பிள்ளையும் எங்களோடு இல்லை.

இன்று நிலைமை வேறு. ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளி, பிறகு எல்லோரும் ஒரே இடைநிலைப் பள்ளி. நாமே தேர்ந்துகொண்டு போவதையும், வெளியே விடாமல் பூட்டுவதையும் ஒரே சொல்லால் அழைக்காதீர்கள்.

ஷா ஆலம் அப்பா: தமிழ்ப்பள்ளியில் படித்த என் மகன் இன்று டாக்டர். கொட்டகை என்று கேவலமாகப் பேசுகிறீர்களே!

ஐயா, நான் உட்கார்ந்து படித்த கொட்டகையைத்தான் சொன்னேன். மகனுக்கு வாழ்த்துகள். அவருக்கு மருத்துவம் படிக்க வழி சொன்னது யார் என்று எழுதுங்கள், அது எல்லோருக்கும் பயன்படும்.

ஈப்போ இளைஞன் மறுபடியும்: ஆனால் இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டான முதல் படிவத்தில் தனித்து நிற்பது நம் பிள்ளைகள்தானே?

அது உண்மை. தமிழ்ப்பள்ளியிலிருந்து வருபவர்கள் முதல் படிவத்துக்கு முன் மலாய் பழகும் புகுமுக வகுப்பில் நான் ஓர் ஆண்டு கூடுதலாக உட்கார்ந்தவள். மலாய் எனக்குத் தெரியும், வகுப்பில் கையைத் தூக்கத்தான் தெரியவில்லை. குளம் பெரிதானதும் தவளை சுருங்கிய கதை. ஆனாலும் இடைநிலைப் பள்ளிக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று முதன்முதலில் கேள்விப்பட்டதும் அந்தக் குளத்தில்தான், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனப் பெண் சொல்லி. ஒன்றாகப் படிப்பதில் லாபமும் உண்டு, காயமும் உண்டு. இத்தோடு இந்தச் சண்டையை நிறுத்துகிறேன். இன்னும் ஆறு பேர் இதையே எழுதியிருக்கிறீர்கள், மேலே சொன்னதையே படித்துக்கொள்ளுங்கள்.

காஜாங் அம்மா: தமிழ்ப்பள்ளியா, சீனப் பள்ளியா?

பட்டர்வொர்த் அம்மாவுக்குச் சொன்னதுதான்.

பெயர் வேண்டாம்: என் அண்ணன் மகனுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. இங்கேதான் பிறந்தான். படிப்பில் கெட்டி.

இது என் துறையல்ல, ஊகித்துச் சொல்ல மாட்டேன். பதிவு இலாகா விஷயம் தெரிந்த வழக்கறிஞரை இந்த வாரமே பாருங்கள். பெற்றோரின் திருமணம் பதிவானதா என்பதை முதலில் கேட்பார், அதற்கான தாளை எடுத்துப் போங்கள். இடைநிலைப் படிப்பு முடியும் ஐந்தாம் படிவம்வரை தள்ளிப்போடாதீர்கள்.

கெப்போங் வாசகி: சனிக்கிழமை நானும் வரலாமா? எனக்கு அறிவியல் தெரியும்.

வாருங்கள், ஒன்பது மணிக்கு. லிஃப்ட் கிடையாது. ஒயிட்போர்டு மார்க்கர் நான்கு வாங்கி வாருங்கள், எங்களுடையது எல்லாம் காய்ந்துவிட்டது.